தலைமுழுகுதல்

இராமேசுவரத்திற்கு வருகிற யாத்திரிகர்கள் முதலில் அக்கினி தீர்த்தக் கடலில் முழுகுகிறார்கள். பின்னர் ஈர ஆடையோடு கோயிலுக்குள் சென்று 22 தீர்த்தங்களிலும் நீராடுகிறார்கள். ஆனால் அங்கே யாரும் கிணற்றுக்குள் இறங்குவதில்லை. மேலே நிற்பவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். இரண்டும் நீராடல்தான். முதலாவதில் மனிதன் நீருக்குள் போகிறான், இரண்டாவதில் நீர் மனிதன்மேல் வருகிறது. சேதுக்கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டாகவே பட்டதில்லை.

ஐரோப்பாவில் இதே வேறுபாட்டுக்காக உயிர்கள் போயிருக்கின்றன. குழந்தைக்குத் தலையில் நீர் தெளித்துக் கிறித்தவன் ஆக்குவது செல்லாது, வளர்ந்த ஒருவன் தானே அறிந்து, தன் வாயால் சொல்லிப் பெறுவதே உண்மையான திருமுழுக்கு என்று வாதிட்ட ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527இல் சூரிச் நகரத்தார் லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ஏறக்குறைய 80 ஆண்டுகள் கழித்து, 1609இல், ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஜான் ஸ்மித், தாமஸ் ஹெல்விஸ் என்னும் இரு ஆங்கிலேயர்கள் இதையொத்த கொள்கையோடு ஒரு சிறு சபையைத் தொடங்கினர். அதுவே பாப்டிஸ்ட் சபைகளின் தொடக்கம். ஹெல்விஸ் இங்கிலாந்துக்குத் திரும்பி, மனிதனின் ஆன்மாவின்மீது அரசனுக்கு அதிகாரம் இல்லை என்று புத்தகம் எழுதினார். அரசரின் சிறையில் அவர் வாழ்வு முடிந்தது.

நீரின் அளவு இங்கே வெளித்தோற்றம் மட்டுமே. அதன் அடியில் இருந்த கேள்வி, ஒரு மனிதன் சொல்லும் 'ஆம்' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது. தகப்பன் சொல்லலாமா, அரசன் சொல்லலாமா, அல்லது அவன்தான் சொல்ல வேண்டுமா? இந்தக் கேள்வி இந்தியாவுக்கு வந்து, நம் பஞ்சங்களையும் சாதிகளையும் எதிர்கொண்டபோது என்ன ஆயிற்று என்பதைப் பற்றியே சில காலமாக வாசித்து வருகிறேன். நான் கிறித்தவக் குடும்பத்தில் பிறக்கவில்லை. இந்த ஆர்வம் தமிழ் வகுப்பறையிலிருந்து வந்தது.

*

முதுகலைத் தமிழில் கிறித்தவ இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு வரிசை மனப்பாடமாக இருக்கும். வீரமாமுனிவர், சீகன்பால்க், வேதநாயக சாஸ்திரியார், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கர் என்று சபைகளும் இவர்களோடு சேர்ந்து நினைவுக்கு வரும். பாப்டிஸ்டுகள் அந்த வரிசையில் இல்லை. காரணம் எளியது. தமிழ்நாட்டைப் பிற சபைகள் முன்பே பங்கிட்டுக்கொண்டிருந்தன. எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்ட அருளானந்தர் இயேசு சபைத் துறவி. அப்துல் கலாம் படித்த இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி, தரங்கம்பாடி மரபில் வந்த ஜெர்மானியப் போதகர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. மதுரை அமெரிக்கன் மிஷன் வேறொரு சபை. பாப்டிஸ்டுகளுக்குப் பெரிய களமாக அமைந்தவை வங்காளமும் தெலுங்குக் கடற்கரையும் வடகிழக்கு மலைகளும்தான்.

வங்காளத்தில் அவர்களுடைய வரலாறு வில்லியம் கேரியிடமிருந்து தொடங்குகிறது. செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றுச் செய்துவந்த கேரி 1793இல் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி மதப்பணிக்கு இடம் தராததால், 1800 முதல் டேனியர் வசமிருந்த செராம்பூரில் தங்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கிருஷ்ணபால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் முழுகி எழுந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே அவர் மிஷனரிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டிருந்தார். ஊரைக் கொதிக்கவைத்தது அந்தப் பந்திதான். 1803இல் அவருடைய மகளைக் கிருஷ்ண பிரசாத் என்ற பிராமண இளைஞர் மணந்தார். அதே நூற்றாண்டில் இங்கே தஞ்சைப் பகுதித் திருச்சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தார்கள். 1833இல் ஆயர் வில்சன் அதை ஒழிக்க ஆணையிட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கங்களை விட மறுத்தவர்களின் குரலாக இருந்தார். அவருடைய கீர்த்தனைகளை விரும்பிக் கேட்கிற எனக்கு இது எளிதாக விழுங்கக்கூடிய செய்தி அல்ல. ஆனாலும் அது வரலாறு.

செராம்பூரில் இன்னொரு சண்டையும் நடந்தது. தமிழ் படித்தவர்களுக்கு அது சுவையானது. 'பாப்டைசோ' என்ற கிரேக்கச் சொல்லை வங்காளியில் எப்படிச் சொல்வது? அமிழ்த்துதல், முக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். துணியைச் சாயத்தில் முக்குவதையும் கிரேக்கர்கள் இதே வேரால்தான் குறித்தார்கள். பாப்டிஸ்டுகள் முழுகுதல் என்ற பொருள் தரும் சொல்லையே வங்காளி விவிலியத்தில் அமைத்தார்கள். தெளிக்கும் வழக்கமுடைய பிற சபைகள் அதை ஏற்கவில்லை. விவிலியச் சங்கம் பண உதவியை நிறுத்தியது. அமெரிக்காவில் 1836இல் பாப்டிஸ்டுகள் பிரிந்து தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். இலண்டனில் 1840இல் அவ்வாறே நடந்தது. ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக இரண்டு கண்டங்களில் சங்கங்கள் உடைந்தன.

தமிழில் இந்தச் சண்டை இவ்வளவு முற்றவில்லை. 'ஞானஸ்நானம்' என்ற சொல் ஊற்றலுக்கும் முழுகலுக்கும் பொதுவாக நின்று எல்லாரையும் காப்பாற்றிவிட்டது. 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'திருமுழுக்கு' என்றது. பாப்டிஸ்டுகளுக்கு உகந்த இந்தச் சொல்லைத் தலையில் நீர் ஊற்றும் சபைகளும் இன்று தயக்கமின்றிப் புழங்குகின்றன. மொழி சில நேரங்களில் மனிதர்களைவிடப் பெருந்தன்மையானது.

தமிழில் முழுக்குக்கு இன்னொரு பொருளும் உண்டு. 'அவனை நான் தலைமுழுகிவிட்டேன்' என்று நம் ஊரில் சொன்னால் உறவு அறுந்தது என்று பொருள். இறப்பு வீட்டிலிருந்து வந்து முழுகுவதைப் போல, இனி அவன் எனக்கு இல்லை என்று அறிவிப்பது. பாப்டிஸ்ட் இறையியலும் இதைத்தான் சொல்கிறது. நீருக்குள் போவது பழைய மனிதனின் சாவு, எழுவது புதிய மனிதனின் பிறப்பு. அப்படியானால் இந்தியாவில் முழுகியவர்கள் எதைத் தலைமுழுகினார்கள்?

*

அதற்கு விடை தேடினால் ஒங்கோலுக்குப் போக வேண்டும்.

அமெரிக்க பாப்டிஸ்டுகள் 1840இல் நெல்லூரில் தெலுங்கு மிஷனைத் தொடங்கினார்கள். பல ஆண்டு உழைத்தும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே சேர்ந்தனர். 1853இல் அதை மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் கூடி விவாதித்தார்கள். 1866இல் ஜான் கிளவ் என்பவர் ஒங்கோலுக்கு வந்து தங்கினார். அடுத்த ஆண்டு 8 உறுப்பினர்களோடு அங்கே சபை அமைந்தது. உயர்சாதிக் குடும்பங்கள் சிலவும் சபையில் சேர ஆர்வம் காட்டின. அதே வேளையில், தோல் வாணிகம் செய்துவந்த மாதிகரான எர்ரகுண்ட்ல பேரய்யா என்பவர் வழியாக மாதிகர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களை எடுத்தால் நாங்கள் வரமாட்டோம் என்றனர் உயர்சாதியினர். கிளவ் மாதிகர்களை எடுத்தார்.

மாதிகர் என்றால் செருப்பும், கமலை இறைக்கும் தோல் சாலும் செய்து தந்தவர்கள். வேளாண்மைக்கு நீர் இறைத்த கருவி அவர்கள் கைவேலை. ஊர்க்கிணறு மட்டும் அவர்களுக்கு இல்லை. கிளவின் மனைவி எம்மா, 1899இல் வெளியிட்ட தம் நூலில் இம்மக்களின் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்திருக்கிறார். பேரய்யா ஏற்கெனவே யோக மார்க்கக் குருமார்களிடம் உபதேசம் பெற்றுத் தேடிக்கொண்டிருந்தவர் என்பதை அவற்றால் அறிகிறோம். வெள்ளைக்காரர் வந்து சொல்லும்வரை சும்மா கிடந்த மனிதர் அல்லர்.

பிறகு 1876 வந்தது. நம் கணக்கில் தாது வருடம். எங்கள் அப்பத்தா தன் பாட்டியிடம் கேட்டதாகச் சொல்லும்: "தாது வருசத்துல கத்தாழங் கெழங்கத் தோண்டித் தின்னு உசுரு பொழச்சாகளாம். கம்மாக்குள்ள மண்ணுதான் கெடந்துச்சாம்." கடலாடி வட்டத்துச் சிக்கல் எங்கள் ஊர். சிங்காரவேலர் இருக்கும் நாகைச் சிக்கல் வேறு, அது காவிரி பாயும் மண். எங்களுக்குக் கண்மாய்தான் எல்லாம், அது நிறைய வானம்தான் கதி. அப்பத்தாவுக்கு மதராஸ் மாகாணம் தெரியாது, தெலுங்குச் சீமை தெரியாது. ஆனால் அவள் சொன்ன பஞ்சமும் ஒங்கோல் பஞ்சமும் ஒன்றே. 1876 முதல் 1878 வரை பிரித்தானிய இந்தியாவில் ஏறக்குறைய 55 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார்.

பஞ்ச நிவாரண வேலைகளில் ஒன்று கடற்கரையோரக் கால்வாய். தெற்கே மரக்காணம் வரை வந்து, இன்று சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களுக்கடியில் கறுத்துக் கிடக்கிறதே, அந்தப் பக்கிங்காம் கால்வாய். ஒங்கோல் பகுதியில் அதன் சில மைல் நீளத்தைத் தோண்டும் ஒப்பந்தத்தைக் கிளவ் எடுத்தார். இளமையில் அமெரிக்காவில் நில அளவைப் பணி செய்தவர் என்பதால் அந்த வேலை அவருக்குத் தெரியும். மாதிகர் ஆயிரக்கணக்கில் வந்து மண் வெட்டினார்கள். போதகர்கள் மேற்பார்வையாளர்கள் ஆனார்கள். கூலி கிடைத்தது, கஞ்சி கிடைத்தது. மாலையில் மண்மேட்டில் உட்கார்ந்து பேச்சும் நடந்தது.

அவர்களில் பலர் திருமுழுக்குக் கேட்டார்கள். கிளவ் மறுத்தார். 1877இலிருந்து ஏறத்தாழ 15 மாதங்கள் ஒருவருக்கும் திருமுழுக்கு இல்லை. சோற்றுக்காக வந்தார்கள் என்ற சொல் வரக்கூடாது என்பது அவர் கணக்கு. பஞ்சம் தணிந்து, நிவாரணப் பணம் தீர்ந்து, இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்றான பிறகும் அவர்கள் வந்து நின்றார்கள். 1878 ஜூலையில் ஒங்கோலுக்கு வடக்கே குண்டலகம்மா ஆற்றங்கரையில் வேலம்பள்ளி என்ற இடத்தில் 2ஆம் தேதி 614 பேர், 3ஆம் தேதி 2,222 பேர், 4ஆம் தேதி 700 பேர், ஆக மூன்று நாட்களில் 3,536 பேர் முழுகி எழுந்தார்கள். ஆற்றில் நின்று முழுக்குக் கொடுத்தவர்கள் தெலுங்குப் போதகர்கள். ஒரு நேரத்தில் இருவர் நிற்க, அறுவர் மாறி மாறிச் செய்தார்கள். கிளவ் கரையில் இருந்தார், ஒருவருக்குக்கூடத் தம் கையால் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். கிளவின் தயக்கம் நேர்மையானது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பசித்தவன் சொல்லும் 'ஆம்' செல்லாதா? வயிறு நிறைந்தவன் மட்டும்தான் ஆன்மாவைப் பற்றி முடிவெடுக்கத் தகுதியானவனா? ரொட்டிக்கும் பால்பவுடருக்கும் மாறியவர்கள் என்ற ஏளனத்தை நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இன்றும் கேட்கலாம். சொல்கிறவர்கள் பெரும்பாலும் பசியை அறியாதவர்கள். வசதியுள்ளவன் வேலைக்காகவும் பதவிக்காகவும் எடுக்கும் முடிவுகளை நாம் இப்படி எடைபோடுவதில்லை. ஏழையின் நெஞ்சில் மட்டும் தராசு வைக்கிறோம். குண்டலகம்மா ஆற்றில் முழுகியவர்கள் கஞ்சி கிடைத்த காலத்தில் கேட்டார்கள், கஞ்சி நின்ற பிறகும் கேட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே. அதை இரண்டாகப் பார்த்தது நம் சந்தேகம்.

*

முழுகி எழுந்தபின் என்ன ஆயிற்று என்பதே உண்மையான வரலாறு. கிளவ் அவர்களிடம் எதிர்பார்த்தவை மூன்று. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது, செத்த மாட்டிறைச்சி உண்ணக்கூடாது, விக்கிரகங்களை வணங்கக்கூடாது. கேட்பதற்கு வெறும் ஆசாரமாகத் தோன்றும். ஊரின் கண்ணோடு பார்த்தால் மூன்றும் கலகம். கூப்பிட்ட நாளில் வேலைக்கு வரமாட்டேன், நீ எறிந்ததைத் தின்னமாட்டேன், உன் தேவதைக்குப் பறையடிக்கமாட்டேன் என்றல்லவா அவை சொல்கின்றன! வண்ணாரும் நாவிதரும் மறுக்கப்பட்டார்கள், பொதுவழிகள் அடைக்கப்பட்டன, அடி விழுந்தது. சபை பின்வாங்கவில்லை.

பாப்டிஸ்ட் சபைகளுக்கு ஆயர் இல்லை. மேலிருந்து ஆணையிடும் பீடம் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்துகொள்கிறது. புதிதாக ஒருவரைச் சேர்ப்பதா என்பதை உறுப்பினர்கள் கூடி, சாட்சி கேட்டு முடிவு செய்கிறார்கள். கணக்கு எல்லார் முன்னிலையிலும் வைக்கப்படுகிறது. கிளவ் இந்த ஏற்பாட்டை மாதிகச் சேரிகளின் பழைய பஞ்சாயத்தோடு இணைத்தார். ஊர்ப் பெரியவர்களே சபைப் பெரியவர்கள் ஆனார்கள். மாகாணத்தில் எளிய மக்களுக்கு வாக்குரிமை இல்லாத அக்காலத்தில், செருப்புத் தைத்தவர்கள் கூடி அமர்ந்து சம்மதமா இல்லையா என்று கேட்டு முடிவெடுத்த இடம் அந்தச் சபைக்கூட்டம்.

இந்தச் சுதந்திரப் பிடிவாதத்தின் விளைவை 1947இலும் காணலாம். அவ்வாண்டு செப்டம்பர் 27இல் சென்னையில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட் உள்ளிட்டோர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையைத் தோற்றுவித்தபோது பாப்டிஸ்டுகள் சேரவில்லை. ஆயர் ஆட்சியும் குழந்தை முழுக்கும் அவர்களுக்கு உடன்பாடல்ல. 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது அங்கிருந்த பாப்டிஸ்டுகளில் ஒரு பகுதியினர் சேர்ந்தனர், தெலுங்கர்கள் தனித்தே நின்றார்கள். நாகாலாந்தில் மக்களின் பெரும்பான்மைச் சபையே பாப்டிஸ்ட் சபைதான். 1964இல் அரசுக்கும் நாகர்களுக்கும் இடையே சமாதானக் குழுவை அமைத்ததும் அவர்களே. ஜெயப்பிரகாஷ் நாராயண் அக்குழுவில் இருந்தார். ஊர்கூடிப் பேசும் பழக்கம் இங்கே ஒரு போரை நிறுத்தும் முயற்சியாக விரிந்தது.

தமிழ்நாட்டிலும் பாப்டிஸ்டுகள் இல்லாமல் இல்லை. சேந்தமங்கலம், கொல்லிமலைப் பகுதியில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் பணி செய்தது. வல்வில் ஓரியின் மலை என்று நாம் வகுப்பில் நடத்தும் கொல்லிமலைக்குக் கீழ்நாட்டார் காய்ச்சலுக்கு அஞ்சி ஏறாதிருந்த காலத்தில், ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் 1913இல் அங்கே குடியேறினார்கள். மருந்து, பள்ளி, தச்சு வேலை, வேளாண்மை என்று எல்லாவற்றையும் செய்தார்கள். 1929இல் அதே மலைக்காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோயிற்று. ஈவ்லின் பணி ஓய்வு பெற்றபின் சங்கத்தின் ஆதரவின்றித் தனியாக மலைக்குத் திரும்பி வந்து உழைத்து, 1974இல் தமது 95ஆம் வயதில் மறைந்தார். அவர்கள் மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர். எண்ணிக்கையில் சிறியது, ஆனால் மறக்கக் கூடாத வரலாறு.

*

இனி, எதைத் தலைமுழுகினார்கள் என்ற கேள்வி.

சாதியை என்று சொல்ல ஆசைதான். அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. முழுக்கின் பெயரைத் தாங்கியவர்களே மனிதரை அடிமையாக வைத்திருந்ததும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநில பாப்டிஸ்டுகள் 1845இல் பிரிந்தது அடிமை வைத்திருப்போருக்கு ஆதரவாகத்தான். அதற்கு அவர்கள் மன்னிப்புக் கேட்க 1995 ஆயிற்று. ஆந்திரக் கடற்கரையிலும் மாலர் ஒரு சபை, மாதிகர் ஒரு சபை என்று நின்ற ஊர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் அரசின் ஏட்டில் இருக்கிறது. 1950இல் வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். ஆந்திரத்தில் பிற்பட்டோரில் ஒரு சதவீத ஒதுக்கீட்டுக்குரிய 'சி' பிரிவு. சட்டத்தின் கண்ணில் அவன் சாதியைத் தலைமுழுகிவிட்டான். கிணற்றடியிலும் சுடுகாட்டிலும் ஊர் அப்படி நினைப்பதில்லை.

கல்லூரியில் மாணவர் சேர்க்கை நாட்களில் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். தாயின் பெயர் விவிலியத்திலிருந்து வந்திருக்கும், சான்றிதழ் இந்து என்று சொல்லும். ஒரு பெயர் சபையின் பதிவேட்டுக்கு, இன்னொன்று அரசின் பதிவேட்டுக்கு. எதிரே நிற்கும் பிள்ளை நம் கண்ணைப் பார்க்காமல் மேசையைப் பார்க்கும். நான் எதுவும் கேட்பதில்லை. வைத்த காகிதம் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். 'ஆம்' என்று தன் வாயால் உரக்கச் சொல்வதற்காகவே ஆற்றில் இறங்கிய மனிதர்களின் வழிவந்த ஒருவர், படிப்புக்காக அதைக் குரல் தாழ்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தராசு அன்றுபோல் இன்றும் ஏழையின் நெஞ்சில்தான் இருக்கிறது, பிடித்திருக்கும் கைதான் மாறியிருக்கிறது.

1959இல் இந்தியாவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாப்டிஸ்ட் போதகர். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குச் சென்றார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டப்படாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் திடுக்கிட்டதாகவும், பிறகு யோசித்து, ஆம், நான் தீண்டப்படாதவன்தான் என்று தமக்குள் ஒப்புக்கொண்டதாகவும் கிங் 1965இல் அட்லாண்டாவில் தம் சபையாரிடம் சொன்னார்.

அந்த 'ஆம்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிங் எதையும் மறைக்கவில்லை, எதையும் கழுவிவிட்டதாகப் பாவிக்கவும் இல்லை. தான் யார் என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு, எண்ணிப்பார்த்து, தானே ஏற்றுக்கொண்டார். குண்டலகம்மாவில் முழுகிய 3,536 பேரும் கேட்டது இந்த உரிமையைத்தான். நான் யார், யாரை வணங்குகிறேன், யாரோடு உட்கார்ந்து உண்கிறேன் என்பதை நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். சபையின் ஏடு அன்றே அதை எழுதிக்கொண்டது. அரசின் ஏட்டில் அதற்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது.